கோட்டைக்குள் ஓர் இரவு

பெயரிலேயே கோட்டையைத் தாங்கி நிற்கும் அருப்புக்கோட்டையிலோ அதை அடுத்த திருச்சுழிக் கரிசல் வட்டாரத்திலோ விருந்தினர் தங்கும் பழங்கோட்டை எதுவும் இல்லாமைக்குத் தென்சீமையின் வரலாறே பெரிதும் காரணமாகும். பாளையக்காரர்கள், அதாவது படை திரட்டித் தரும் கடமையோடு நிலப்பகுதியை ஆண்ட தலைவர்கள், பாஞ்சாலங்குறிச்சியில் எழுப்பியதைப் போன்ற மண்கோட்டைகளையே பெரிதும் நம்பியிருந்தனர். 1801ஆம் ஆண்டுப் போரில் வென்ற கிழக்கிந்தியக் கம்பெனி அவற்றை இடிக்க ஆணையிட்டதால், எஞ்சிய மண்ணும் மழையில் கரைந்து உழவு நிலமாயிற்று.

ராஜஸ்தானத்தின் நீம்ராணாவிலோ 1464இல் மலைச்சரிவில் எழுந்த கற்கோட்டை, நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, 1986இல் கைமாறிச் செப்பனிடப்பட்டு, 1991இல் மரபு விடுதியாக, அதாவது பழங்கட்டடத்தின் உருவம் குலையாமல் அறைகள் அமைத்த தங்குமிடமாக, திறக்கப்பட்டது. தடித்த சுவர்கள் வெயிலைத் தடுத்துக் குளுமை தருகின்றன. ஆனால் பகைவரைக் களைக்கச் செய்யவே வகுத்தவைபோல் தோன்றும் படிக்கட்டுகள் இன்று விருந்தினரையும் விட்டுவைப்பதில்லை.

இத்தகைய விடுதிகளை ஸ்பெயின் அரசு 1928 முதலே 'பரதோர்' என்ற பெயரில் நடத்திவருகிறது. தமிழகத்தில் விடுதியாகும் மறுவாழ்வு கோட்டைகளுக்கு அன்றி, கானாடுகாத்தான், கடியாபட்டி ஆகிய ஊர்களின் செட்டிநாட்டு வீடுகளுக்கே வாய்த்தது.