விருந்தினருக்கு ஒரு நுரைபொங்கும் பழப்பானம்

வெயில் வேளையில் வீடு தேடி வந்தவரை ஒரு வாய் தண்ணீரேனும் அருந்தச் செய்யாமல் வழியனுப்புவது நம்மவர் வழக்கமன்று. முன்னாளில் செம்பு நிறைந்த மோரும், தேசிக்காய்த் தண்ணீரும், இளநீரும் இந்த உபசாரத்துக்கு உதவின. இன்றோ கடையிலிருந்து வர்ணப் போத்தல் ஒன்றை வருவித்து, குவளைகளில் வார்த்துத் தட்டில் வைத்து நீட்டுவதே பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. விருந்தினரும் மறுப்பதில்லை. நீரிழிவுடைய பெரியவர்கூட, ‘வேண்டாம்’ என்றால் வீட்டார் மனம் வருந்துவரே என்று எண்ணிப் பாதிக் குவளையையாவது பருகிவிட்டே எழுகிறார். அன்பினால் கொடுத்த பானம் அவர் உடம்புக்குத் தீங்காய் முடிகின்றது.

இச்சங்கடத்தைத் தவிர்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பழச்சாறும் சோடாவும் சேர்ந்து நுரைபொங்கும் பானத்தை வீட்டிலேயே தயாரித்துக் கொள்ளலாம். ‘கொக்டெயில்’ என்றவுடன் மதுபானத்தை நினைத்து எவரும் முகஞ் சுளிக்க வேண்டியதில்லை. இங்கே கூறப்போவது மது ஒரு துளியும் கலவாதது. குழந்தைகள் முதல் முதியோர் வரை யாவருக்கும் ஏற்றது.

சீனியின் கணக்கு

இலங்கையில் விற்கப்படும் இனிப்புப் பானங்களின் போத்தல்களில் நிறக்குறியிடும் விதி 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை என்பது அதன் ஒழுங்கு. சிவப்புக் குறியுள்ள பானத்தை 200 மில்லிலீற்றர் கொள்ளும் சாதாரணக் குவளையில் வார்த்தால், அதில் 22 கிராமுக்கு மேற்பட்ட சீனி அடங்கியிருக்கும். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் சீனி 50 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் நிற்பின் இன்னும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அப்படியாயின், ஒரு வீட்டு உபசாரத்திலேயே ஒரு நாளின் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகின்றது.

பழச்சாற்றிலும் சீனி உண்டென்பதை மறத்தலாகாது. அந்த 25 கிராமுக்குள் பழச்சாற்றின் சீனியும் அடக்கம். ஆயினும் வீட்டுப் பானத்தில் அதன் அளவு நம் கையில் இருக்கிறது. போத்தற் பானத்தில் அது முன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டது. வேறுபாடு இதுவே.

நுரையின் இரகசியம்

நுரைக்குக் காரணமாவது தண்ணீரில் அழுத்திக் கரைக்கப்பட்ட காபனீரொட்சைட்டு வாயு. 1767ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பியர் வடிசாலை ஒன்றின் அருகே வசித்த ஜோசப் பிரீஸ்ற்லி என்னும் பாதிரியார், நொதிக்கும் தொட்டிகளின் மேலே தங்கிநின்ற வாயுவைத் தண்ணீரிற் கலந்து பார்த்தார். சோடாத் தண்ணீரின் வரலாறு அங்கிருந்து வளர்கின்றது. 1872ஆம் ஆண்டில் ஹைரம் கொட் என்னும் ஆங்கிலேயர் உரிமை பெற்ற போத்தலில், கழுத்தினுள் உருளும் கண்ணாடிக் குண்டு வாயுவின் அழுத்தத்தாலேயே மேலெழுந்து றப்பர் வளையத்தோடு பொருந்தி வாயை அடைத்தது. வெளியேறத் துடிக்கும் வாயுவையே அதன் சிறைக்குக் கதவாக்கிய சாமர்த்தியம் அது!

வாயு வெளியேறத் துடிப்பது வெப்பத்தில் மிகுதி. சாதாரண அழுத்தத்தில் ஒரு லீற்றர் தண்ணீர், உறைநிலையை ஒட்டிய குளிரில் ஏறக்குறைய 1.7 லீற்றர் காபனீரொட்சைட்டைத் தன்னுள் வைத்திருக்கும். நமது நாட்டுப் பகல் வெப்பமாகிய 30 பாகை செல்சியசில் மூன்றில் இரண்டு லீற்றர் அளவையே வைத்திருக்கும். குளிராத சோடாவை வெதுவெதுப்பான சாற்றில் வார்ப்பவர், ஒரு கணம் பொங்கும் நுரையைப் பார்த்துவிட்டு, சப்பென்ற தண்ணீரையே பருக நேரிடும். ஆதலின் முதல் விதி, எல்லாம் குளிர்ந்திருத்தல் வேண்டும் என்பது. இரண்டாவது விதி, சோடா எப்பொழுதும் கடைசியில் வரவேண்டும் என்பது.

இவற்றிலிருந்து பிறப்பதே இக்கட்டுரையின் சாரம். சாறு, பாணி, சோடா ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்திருந்து, பருகுவோர் முன்னிலையில் குவளையிலேயே சேர்க்க வேண்டும். இதனால் நுரையும் நிலைக்கும். அவரவர்க்கு வேண்டிய அளவே இனிப்பும் சேரும்.

செய்முறை (எட்டுக் குவளைகளுக்கு)

தேவையான பொருட்கள்:

நடுத்தர அளவான அன்னாசிப்பழத்திற் பாதி
நன்கு பழுத்த கொடித்தோடம்பழம் 6
தேசிக்காய் 2
இஞ்சி 20 கிராம்
உப்பு ஒரு சிட்டிகை
சீனி 100 கிராம்
கறுவாப் பட்டை சிறு துண்டு
இனிப்பில்லாத வெறுஞ்சோடா 1¼ லீற்றர்

கம்பஹா, குருநாகல் மாவட்டங்களில் விளையும் அன்னாசி நாடெங்கும் கிடைக்கின்றது. கொடித்தோடையைத் தெரிவு செய்கையில், தோல் சற்றே சுருங்கியதையே எடுக்க வேண்டும். வழவழப்பாய் அழகாயிருப்பது இன்னும் புளிப்பு மாறாதது.

சாறு: அன்னாசியைத் தோலும் கண்களும் நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி, அரைத்து, மெல்லிய துணியில் வடித்துக்கொள்க. கொடித்தோடையின் உள்ளீட்டை வடிதட்டில் இட்டுக் கரண்டியால் தேய்த்துச் சாற்றை எடுக்க வேண்டும். அதனை அரைக்கும் இயந்திரத்தில் இடுதல் தவறு. விதைகள் உடைந்தால் கரும்பொடி சாற்றில் மிதப்பதோடு சுவையும் கெடும். இஞ்சியைத் துருவிப் பிழிந்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெண்மையான மா படியும். மேலே தெளிந்து நிற்பதை மாத்திரம் எடுத்து, தேசிக்காய்ச் சாற்றோடும் உப்போடும் பழச்சாற்றிற் சேர்க்க. எல்லாமாக ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் வரும்; குறைந்தால் கொதித்தாறிய நீரால் நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க. இதனை ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

பாணி: சீனியை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கறுவாவுடன் சேர்த்துச் சிறு தீயில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி ஆறவைக்க. இதில் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 10 கிராம் சீனியும், ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 3 கிராம் சீனியும் இருக்கும்.

சோடா: போத்தல்களைத் திறவாமல் நான்கு மணி நேரமேனும் குளிரவிட வேண்டும். உறையவைக்கும் அறையில் வைத்து மறந்துவிட்டால் போத்தல் வெடிக்கக் கூடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், வாளியொன்றில் பனிக்கட்டியும் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் இட்டு, அதனுள் போத்தலை அரைமணி நேரம் அமிழ்த்தி வைக்கலாம். வெறும் பனிக்கட்டியைவிடத் தண்ணீர் கலந்த பனிக்கட்டி போத்தலை எப்பக்கமும் தழுவுவதால் விரைவிற் குளிரச் செய்யும்.

விருந்தினர் வந்தமர்ந்த பின்னரே கலக்கத் தொடங்குக. குவளையில் 50 மில்லிலீற்றர் சாறு. அதன்மேல் கேட்டறிந்த அளவு பாணி. இரண்டையும் கலக்கிய பின் பெரிய பனிக்கட்டி இரண்டு. குவளையைச் சற்றே சாய்த்து, அதன் உட்சுவர் வழியே 150 மில்லிலீற்றர் சோடாவை மெல்ல வார்க்க. நீண்ட கரண்டியை அடிவரை விட்டு ஒருமுறை மேலே தூக்கினால் போதும்; சுழற்றிக் கலக்குதல் வேண்டாம். மேலே ஒரு புதினா இலை அழகுக்கும் மணத்துக்கும் உதவும்.

நேரக்கூடிய தவறுகள்

பாணிக்குப் பதிலாகச் சீனியை அப்படியே குவளையில் இடுவோர் உளர். சீனிப் பருக்கை ஒவ்வொன்றின்மீதும் வாயுக் குமிழிகள் திரண்டு ஒரே மூச்சில் பொங்கி வழிந்துவிடும். சாற்றிலுள்ள நாரும் சக்கையும் இவ்வாறே செய்யும். நன்கு வடித்தல் வேண்டுமென்பது இதனாலேயே. நொறுக்கிய பனிக்கட்டியும் நுரைக்குப் பகை. சாற்றையும் சோடாவையும் மூடிய போத்தலிலிட்டுக் குலுக்குதல் ஆபத்தானது. சோடா கிடைக்காதபோது அப்பச்சோடாவும் தேசிக்காயும் சேர்த்து நுரை எழுப்ப முயல்வதும் உண்டு. நுரை எழும், ஆனால் உவர்ப்புச் சுவை பழத்தின் சுவையை மறைத்துவிடும்.

பருவத்துக்கேற்ப வத்தகப்பழம், மாதுளம்பழம், தோடம்பழம் ஆகியவற்றின் சாறும் இம்முறைக்கு ஏற்றவை. மாம்பழச் சாற்றைத் தண்ணீர் விட்டு இளக்கி வடித்தே பயன்படுத்த வேண்டும். விளாம்பழம் களிப்பு மிகுந்ததாதலால், அதனைச் சீனியுடன் கரைத்துக் குடிக்கும் பழைய முறையே நன்று.

பெரியவரின் குவளை

ஒரு மேசைக்கரண்டி பாணி விட்ட குவளையில், பழத்தின் சீனியையும் சேர்த்து ஏறக்குறைய 16 கிராம் சீனி இருக்கும். தேக்கரண்டி அளவோடு நின்றால் அது 9 கிராம் வரையில் அமையும். நீரிழிவுடையவருக்குப் பாணியே வேண்டாம்; சாற்றையும் இரண்டு தேக்கரண்டியாகக் குறைத்து, தேசிக்காய்ப் புளியும் இன்னுஞ் சில துளி இஞ்சிச் சாறும் கூட்டிச் சோடாவால் நிரப்பிக் கொடுக்கலாம். வைத்தியர் அவருக்கு விதித்த கட்டுப்பாடே இதிலும் முடிவானது. ஆயினும் மற்றவர்களுக்கு வைத்த அதே குவளையில், அதே நுரையோடும் அதே புதினா இலையோடும் அவருக்கும் ஒரு பானம் வருகின்றது. அவர் மறுக்கவும் வேண்டியதில்லை. மனமில்லாமல் பருகவும் வேண்டியதில்லை.

‘உங்களுக்கு இனிப்பு எவ்வளவு விடட்டும்?’ என்று கேட்டு வார்ப்பதற்குச் செலவாவது அரை நிமிடமே. வந்தவரின் உடல்நலத்தையும் எண்ணிப் பார்த்துக் கொடுப்பதே உபசாரத்துக்கு நிறைவைத் தருவது.