வடகறிக்கு எத்தனை மார்க்?

வடகறிக்கு மார்க் போடுவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். காலை ஏழரை மணிக்கு எட்டு மார்க் வாங்குகிற குண்டான், பத்து மணிக்கு ஐந்துக்கு இறங்கிவிடும். கடை அதேதான், மாஸ்டரும் அவரேதான், சேர்த்த சாமானும் மாறவில்லை. ஏன் இப்படி ஆகிறது என்பது விளங்கிவிட்டால், எந்தக் கடையில் எப்போது போய் உட்கார வேண்டும் என்பதும் விளங்கிவிடும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

மாங்காட்டில் இந்தக் கேள்வியை இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். குமணன்சாவடியிலிருந்து குன்றத்தூர் போகிற சாலையில் ஊர் விரிந்துகொண்டே போகிறது. 2021-இல் பேரூராட்சியாக இருந்தது நகராட்சியாகவும் ஆகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்களில் பாதிப் பேருக்கு மதுரை, நெல்லை, தேனிப் பக்கம்தான் சொந்த ஊர். அவர்களுக்குச் சால்னா தெரியும், குருமா தெரியும். “சார், இங்க வடகறி வடகறின்னு சொல்றாங்களே, அது எந்தக் கடையில நல்லா இருக்கும்?” என்று கேட்பார்கள்.

நான் கடைப் பெயர் சொல்வதில்லை. பெயரோடு மார்க்கையும் சேர்த்துச் சொன்னால், பத்தரை மணிக்குப் போய் உட்கார்ந்து, அடியில் கெட்டியாகிக் கிடப்பதைச் சாப்பிட்டுவிட்டு, கடைக்காரர்மேல் வருத்தப்படுவார்கள். அது அவருக்கும் நியாயமில்லை, சாப்பிடுகிறவருக்கும் நியாயமில்லை. மார்க் போடுகிற முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், கடையை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

வடகறி சென்னையின் சொந்தப் பலகாரம். திருவல்லிக்கேணி என்றால் 1948-இல் தொடங்கிய ரத்னா கஃபேயின் சாம்பார் இட்லி நினைவுக்கு வருவதுபோல, சைதாப்பேட்டை என்றால் மாரி ஹோட்டல் வடகறி. 2014-இல் இந்தப் பெயரிலேயே ஒரு தமிழ்ப் படம் வந்தது. முந்தின நாள் மிஞ்சிய மசால் வடையை மறுநாள் காலையில் மசாலாவில் போட்டுக் கொதிக்கவைத்ததில் பிறந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதில் பொருத்தம் இருக்கிறது. இத்தாலியில் டஸ்கனிப் பக்கம் ரிபொல்லிட்டா என்று ஒன்று உண்டு. மிஞ்சிய பீன்ஸ், கீரை சூப்பில் பழைய ரொட்டியைப் போட்டு மறுபடி கொதிக்கவைப்பார்கள். அங்கே ரொட்டி செய்கிற வேலையை இங்கே வடை செய்கிறது. நம் வீட்டுப் பருப்பு உருண்டைக் குழம்பும் இதற்கு உறவுதான். ஆனால் அதற்குப் புளி வேண்டும், வடகறிக்குப் புளி கிடையாது. புளிப்பெல்லாம் தக்காளியிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கடையில் புளி தெரிந்தால், அது நல்ல குழம்பாகவே இருந்தாலும், அதை வடகறிக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

இப்போது பெரும்பாலான கடைகளில் மிஞ்சிய வடைக்காகக் காத்திருப்பதில்லை. விடியற்காலையில் இதற்கென்றே கடலைப்பருப்பை ஊறவைத்து, சோம்பு, காய்ந்த மிளகாய், பூண்டு போட்டு, கிரைண்டரில் கரகரப்பாக ஓட்டி எடுக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு வழி பிரிகிறது. ஒன்று, எண்ணெயில் சின்னச் சின்ன வடையாகப் பொரித்து உதிர்ப்பது. இன்னொன்று, உசிலிக்கு அவிப்பதுபோல் இட்லித் தட்டில் அவித்து உதிர்ப்பது. இந்த இரண்டுக்கும் ஒரே அளவுகோலில் மார்க் போட்டால் அவித்ததுதான் எப்போதும் தோற்கும். பொரிக்கும்போது வடையின் மேல்புறம் சிவந்து, ஒரு வறுத்த மணம் உண்டாகிறது. மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து செய்கிற வேலை அது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீ மய்யார் 1912-இல் இந்த வினையை விளக்கினார், அவர் பெயராலேயே இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். அந்த மணம் அப்படியே குழம்பில் இறங்கும். அவித்ததில் அது இல்லை. அதனால் வெங்காயத்தை இன்னும் சிவக்க வதக்கி, பட்டை, சோம்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். அதைச் சரியாகச் செய்த மாஸ்டருக்கு முழு மார்க் தரவேண்டும். ஆகவே முதலில் கேட்டுவிடுங்கள்.

“மாஸ்டர், இன்னைக்கு வடை பொரிச்சதா, அவிச்சதா?”

“அவிச்சதுதான் சார். எண்ணெ கம்மியா இருக்கணும்னு ஆளுங்க கேக்குறாங்க.”

இப்படிக் கேட்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தன் வேலையைப் பற்றி ஒருவர் விசாரிக்கிறார் என்றால் சரக்கு மாஸ்டருக்குச் சந்தோஷம்தான். நான் பார்த்தவரையில் அடுத்த முறை கரண்டி கொஞ்சம் தாராளமாகவே இறங்கும்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். பொரியும்போது வடையிலிருந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடுகிறது. அது போன வழியெல்லாம் துளைகள். குழம்பில் விழுந்ததும் வடை பஞ்சு மாதிரி உறிஞ்சத் தொடங்கும். கடலைப்பருப்பின் மாவுச்சத்தும் நீரை இழுத்து ஊதும். போட்ட உடனே எடுத்தால் வெளியே குழம்பும் உள்ளே வறட்டு வடையுமாக இருக்கும். அரை மணி நேரம் போனால் உள்வரை மசாலா இறங்கி, வடை வடையாகவும் இருக்கும், குழம்பு குழம்பாகவும் இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு குழம்பெல்லாம் வடைக்குள் போய்விடும். குண்டான் கெட்டியாகும், கரண்டி போட்டுக் கிளறக் கிளற வடை மசியும். அப்போது மாஸ்டர் வெந்நீர் ஊற்றித் தளர்த்துவார். வேறு வழியில்லை அவருக்கு. ஆனால் உப்பும் காரமும் நீர்த்துப்போகும். மார்க் இரண்டு பக்கமும் குறைவது அங்கேதான்.

எனவே சுவர்க் கடிகாரத்தைவிட, “எப்ப இறக்குனீங்க?” என்ற கேள்விதான் முக்கியம். காமாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் செவ்வாய், வெள்ளி, ஞாயிறுகளில் கூட்டம் அதிகம். ஒரு குண்டான் தீர்ந்து அடுத்தது ஏறிவிடும். அந்த நாட்களில் ஒன்பதரைக்குக்கூட நல்ல வடகறி கிடைக்கலாம். மெயின் ரோட்டுக் கடைகளிலோ விடிகாலையில் ஒரே ஒரு குண்டான். அங்கே எட்டரைக்குள் போய்விடுவது உத்தமம்.

பத்துக்கு நான்கு மார்க்கை நான் வடைக்கே வைத்திருக்கிறேன். ஒரு துண்டைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கி, விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். அமுங்க வேண்டும், கரையக்கூடாது. பிட்டால் உள்ளே அரைப்பருப்பும் கால்பருப்பும் கண்ணில் தெரிய வேண்டும். பல்லில் அது சிக்குகிற அந்த ஒரு நொடிக்காகத்தான் வடகறி சாப்பிடுகிறோம். பருப்பை நைசாக அரைத்துவிட்டால் இது போய்விடும். பச்சை வாடை வந்தால் நடு வேகவில்லை என்று பொருள். இன்னொரு குறுக்குவழி உண்டு. வடையைக் குறைத்து, கடலை மாவைக் கரைத்து ஊற்றிக் குழம்பைக் கெட்டியாக்குவது. அது பாம்பே சட்னியில் வடை மிதக்கிற கதை. பூரிக்குப் பாம்பே சட்னி எனக்கும் பிடிக்கும், ஆனால் வடகறி என்று சொல்லி அதைத் தந்தால் வடைக்கான நான்கில் ஒன்றுக்கு மேல் போட மனம் வராது.

வடை உறிஞ்சுவது குழம்பை மட்டுமில்லை, எண்ணெயையும்தான். கடையின் எண்ணெய் எப்படிப்பட்டது என்பதை வடகறி காட்டிக்கொடுத்துவிடும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் என்றால், விழுங்கியபின் தொண்டையின் பின்பக்கம் ஒரு காறல் நிற்கும், எவ்வளவு பட்டை போட்டாலும் மறையாது. எண்ணெய் காயக் காய அதில் சேர்கிற சிதைவுப் பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அளக்கிற கருவி நம்மிடம் இல்லை, நாக்கு இருக்கிறது. காறல் தெரிந்தால் நான் மார்க்கே போடுவதில்லை. அந்தக் கடைக்கு மறுபடி போவதுமில்லை. உடம்புக்கு ஆகாததை ருசிக் கணக்கில் ஈடுகட்ட முடியாது.

குழம்புக்கு மூன்று மார்க். வெங்காயம் பொன்னிறமாக வதங்கி, தக்காளி முழுக்கக் கரைந்து, ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் பிரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றியது பச்சையாகத் தெரியக்கூடாது. கொஞ்சம் பொட்டுக்கடலை சேர்ப்பது தப்பில்லை, அதிகமானால் நாக்கில் மாவு படியும். மசாலாவுக்கு இரண்டு மார்க். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை எல்லாம் பின்னால் நிற்க, சோம்பு முன்னால் வர வேண்டும். கடைசியில் தூவிய புதினா, மல்லி மூக்குக்கு முதலில் எட்ட வேண்டும். நம் பக்கத்தில் இப்போது சில கடைகளில் தென்மாவட்ட மாஸ்டர்கள் கல்பாசியும் கூடுதல் மிளகாய்த்தூளுமாகப் போட்டுச் சால்னா பக்கம் சாய்த்துவிடுகிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மாங்காட்டுக்கு வந்து சேர்ந்தவர்களின் ருசி மாங்காட்டுக் குண்டானில் ஏறத்தானே செய்யும். சைதாப்பேட்டைப் பக்குவம் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், ஒரு நாள் போரூர், கிண்டி வழியாகப் போய் மாரி ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒப்பிட ஒரு ருசி நாக்கில் இருக்கும். அதற்காக எல்லாக் கடையும் அப்படியே செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

மீதி ஒரு மார்க் பரிமாறுவதற்கு. செட் தோசைக்கும் வடகறிக்கும் உள்ள பொருத்தம் ஊரறிந்தது. ஆனால் மார்க் போடப் போகிற நாளில் இட்லி வாங்குங்கள். தோசையில் எண்ணெய் இருக்கும், ஓரத்தில் முறுகல் இருக்கும், அது வடகறியின் குறையை மூடிவிடும். இட்லி எதையும் மூடாது. முதலில் குழம்பை மட்டும் ஒரு வாய், பிறகு வடைத் துண்டை மட்டும், அதன்பிறகு இட்லியோடு. சப்ளையர் பழக்கத்தில் சாம்பார் வாளியோடு வந்து இலையெங்கும் ஊற்றிவிடுவார். உட்கார்ந்ததுமே “தம்பி, சாம்பார் வேணாம், வடகறி மட்டும் தனியா” என்று சொல்லிவிட வேண்டும். சொன்னதைக் காதில் வாங்கி, சூடாக, தனிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தால் அந்த ஒரு மார்க் அவருக்கு.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடலாமா என்றால், கூடாது. இதற்கு மாங்காட்டு வழக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் கையில் எலுமிச்சம்பழத்தோடு, ஒரே கிழமையில், ஆறு வாரம் தொடர்ந்து வந்து கும்பிடுவார்கள். அப்படி வருகிறவர்களில் பலர் தரிசனம் முடிந்ததும் ஒரே கடையில்தான் டிபன் சாப்பிடுகிறார்கள். கிழமையும் நேரமும் கடையும் மாறுவதில்லை. ஆறாவது வாரம் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், “போன வாரம் நல்லா இருந்துச்சு, அதுக்கு முந்தின வாரம் காரம் ஜாஸ்தி” என்று துல்லியமாகச் சொல்வார்கள். நான் அதிகம் நம்புவது அவர்கள் சொல்வதைத்தான். நீங்களும் அப்படி ஆறு வாரம் போய், ஒவ்வொரு வாரமும் மார்க்கை எழுதி, பக்கத்தில் குண்டான் இறக்கிய நேரத்தையும் குறித்துவையுங்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு மீதி நான்கைப் பாருங்கள். ஒரு வாரம் ஒன்பதும் மறுவாரம் நான்கும் வாங்குகிற கடையைவிட, எல்லா வாரமும் ஏழு வாங்குகிற கடைதான் என் கணக்கில் மேலே. அங்கே பருப்பு ஊறப்போடுவதிலிருந்து ஒருவர் அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிகிறது.

பார்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதே இட்லியும் வடகறியும் கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பிரித்துச் சாப்பிட எத்தனை மணி ஆகுமோ தெரியாது. கடையில் சாப்பிடுகிறவருக்கு ஊற்றுகிற பதத்திலேயே அவர்களுக்கும் கட்டினால், பிரிக்கும்போது குழம்பே இருக்காது, மசிந்த வடைதான் இருக்கும். நன்றாகத் தெரிந்த மாஸ்டர் என்ன செய்வார் என்றால், பார்சலுக்கென்று குழம்பை மட்டும் தனிப் பாத்திரத்தில் தளர்வாக, உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாக எடுத்துவைத்திருப்பார். கட்டும்போது கொஞ்சம் பெரிய துண்டு வடையாகப் பார்த்துப் போட்டு, அந்தக் குழம்பை ஊற்றி, இட்லியோடு சேர்க்காமல் வேறாகக் கட்டித் தருவார். கவரைக் கையில் வாங்கும்போதே எடை வித்தியாசம் தெரியும். பத்து மணிக்குக் கேன்டீனில் உட்கார்ந்து பிரிக்கப்போகிறவரை மனதில் வைத்துக் காலை ஐந்தரை மணிக்குக் கரண்டியைப் பிடிக்கிறவர் அவர். அப்படி ஒரு கடையைப் பார்த்தால், பத்து மார்க் கணக்கை மீறி, பதினோராவதாக ஒன்று போட்டுவிடுவேன்.