தாயம் விழும் வரை

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதமும் தாயமும் ஆடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. விடுமுறை நாள் மாலையில் நண்பர்கள் நான்கு பேர் திண்ணையில் கூடினாலும் போதும், தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு ஆட்டம் தொடங்கிவிடும். அந்தத் தாயக் கட்டத்தில் ஒன்றாம் வகுப்புக் கூட்டல் முதல் பத்தாம் வகுப்பு நிகழ்தகவு வரை இருக்கிறது. "எனக்கு ராசியே இல்லை" என்று ஒதுங்கி உட்காரும் குழந்தைக்குச் சொல்ல ஒரு பதிலும் அதில் இருக்கிறது.

ஆட்டம்

தாயத்தை 5×5 அல்லது 7×7 கட்டத்தில் ஆடுவார்கள். விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறும். பொதுவாக, தாயம் (1) விழுந்தால்தான் காயைக் கட்டத்தில் இறக்கலாம். எதிராளியின் காய் இருக்கும் கட்டத்துக்கு நம் காய் போனால் வெட்டு. குறுக்குக் கோடிட்ட கட்டங்களில் இருக்கும் காயை வெட்ட முடியாது. சுற்றி வந்து நடுக்கட்டத்தை அடைந்த காய் பழம். 1, 5, 6, 12 விழுந்தால் மீண்டும் உருட்டலாம்.

பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு நீளப் பக்கங்கள். மூன்றில் 1, 2, 3 புள்ளிகள், ஒன்று வெறுமை. இரண்டையும் உருட்டிக் கூட்ட வேண்டும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் மட்டும் 12.

தொடக்க வகுப்பில்

வெறும் பக்கமும் மூன்றும் சேர்ந்தால் மூன்றுதான். பூச்சியத்தைக் கூட்டினால் எண் மாறாது என்பதைக் குழந்தைகள் கையிலேயே உணர்கிறார்கள். ஐந்து விழுந்தால் எந்தக் காயை நகர்த்துவது, எதிராளியின் காய் எத்தனை கட்டம் தள்ளி நிற்கிறது என்று பார்க்கும்போது கூட்டலும் கழித்தலும் தேவையோடு நடக்கின்றன. விரல்விட்டு எண்ணும் குழந்தையை அவசரப்படுத்த வேண்டாம். கட்டம் கட்டமாக எண்ணி நகர்த்திய குழந்தையே சில நாள்களில் ஒரே தாவலில் காயை வைக்கும்.

உயர்நிலை வகுப்பில்

"தாயம் விழ வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். விழக்கூடிய எண்கள் ஏழு, ஆகவே 1/7 என்று பலர் சொல்வார்கள். உடனே திருத்தாமல், ஒரு கட்டையில் நூலைக் கட்டி இரண்டையும் வேறுபடுத்திக் கொடுங்கள். கூறுவெளியை அவர்களே எழுதட்டும். மொத்தம் 4×4 = 16 விளைவுகள். அவை இப்படிப் பிரியும்:

12 – 1 வழி
1 – 2 வழிகள்
2 – 3 வழிகள்
3 – 4 வழிகள்
4 – 3 வழிகள்
5 – 2 வழிகள்
6 – 1 வழி

தாயத்தின் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. இந்தப் பட்டியலைப் பார்த்த மாணவர்கள் இன்னொன்றையும் கவனிப்பார்கள். மறு உருட்டல் தரும் 1, 5, 6, 12 ஆகிய நான்குமே அரிதாக விழுபவை. அடிக்கடி விழும் 2, 3, 4 எண்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பித்தளைக் கட்டை இல்லாத பள்ளியில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகள் போதும். கொட்டையின் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் பாதிக்குப் பாதி என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எட்டுக் குழுக்கள், குழுவுக்கு ஒரு கொட்டை, 50 முறை வீச்சு என்று வைத்தால் 400 பதிவுகள் கிடைக்கும். பட்டறி நிகழ்தகவுக்கு இதைவிட எளிய சோதனை தேவையில்லை.

ராசி இல்லாத குழந்தை

ஐந்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக வாய்ப்பு ஏறக்குறைய 51 விழுக்காடு. பத்து முறை உருட்டியும் விழாமல் போக 26 விழுக்காடு. அதாவது நான்கு பேர் ஆடினால், பத்து உருட்டலுக்குப் பிறகும் காயை இறக்காமல் காத்திருப்பவர் சராசரியாக ஒருவர் இருப்பார். அது யார் குறையும் அல்ல. இதுவரை விழாததால் அடுத்த முறை கட்டாயம் விழும் என்பதும் இல்லை. பதினோராவது உருட்டலிலும் வாய்ப்பு அதே 1/8தான். தொடர்ந்து தோற்பதைத் தன் குணமாக எண்ணிக்கொள்ளும் மாணவருக்கு இந்தக் கணக்கை அவர் கையாலேயே போட வைப்பது அறிவுரையைவிடப் பயன் தரும்.

அடுத்து, விதியை மாற்றலாமா என்று வகுப்பைக் கேளுங்கள். தாயமோ ஐந்தோ விழுந்தால் இறங்கலாம் என்றால் வாய்ப்பு 4/16, அதாவது 1/4 ஆகிவிடும். எல்லோரும் சீக்கிரம் ஆட்டத்துக்குள் வருவார்கள். எந்த விதி வேண்டும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்து கரும்பலகையில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும். பந்தயம் எதுவும் கூடாது என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள். மதிப்பெண்ணும் வேண்டாம்.

வகுப்புக்குக் கொண்டுபோகும் முன், ஒரு மாலை சக ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து ஆடிப் பாருங்கள். உங்கள் ஊர் விதிகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாயம் விழாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த ஆசிரியருக்கு, வகுப்பில் எந்தக் குழந்தையின் அருகில் போய் அமர வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.