ஹார்ட் டிஸ்க் போச்சா, கேபிள் போச்சா? கம்ப்யூட்டருக்குத் தெரியும்... நாமதான் கேட்கணும்!

"தம்பி, டிஸ்க் போயிடுச்சு. புதுசு வாங்கிடுங்க. உள்ள இருக்கிறதை எடுக்கணும்னா அதுக்குத் தனியா செலவாகும்."

சர்வீஸ் கடைக்காரர் இப்படிச் சொன்னதும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. எங்கள் வீட்டு டெஸ்க்டாப் சில வாரங்களாகவே மக்கர். ஒரு போட்டோவைத் திறந்தால் அரை நிமிடம் அப்படியே உறைந்து நிற்கும். அக்காவின் கல்யாண போட்டோக்கள், அவள் மகனின் முதல் பிறந்தநாள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. "நல்லவேளை, தாத்தாவோட சதாபிஷேக வீடியோ பீரோவில இருக்கிற சின்ன டிஸ்க்ல பத்திரமா இருக்கு" என்று அப்பா தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். தாத்தா இப்போது எங்களுடன் இல்லை. அவர் பேசுவதை நாங்கள் கேட்க முடிவது அந்த ஒரு வீடியோவில்தான்.

பணம் கட்டுவதற்கு முன்பு, சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் நண்பனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தவன் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. திரையில் ஒரு எண் பட்டியலை வரவழைத்து, இரண்டு நிமிடம் பார்த்தான். "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு அங்கிள். கேபிள்தான் சரியில்ல" என்றான். விரல் தடிமன்கூட இல்லாத ஒரு சின்ன கேபிளை மாற்றியதும் கம்ப்யூட்டர் பழையபடி ஓட ஆரம்பித்தது.

எப்படிக் கண்டுபிடித்தான்? அவன் சொல்லித் தந்தது நம் எல்லோர் வீட்டுக்கும் உதவும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

சீரியல் என்றால் என்ன?

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு, ரிப்பன் போல அகலமான சாம்பல் நிற கேபிள் நினைவிருக்கும். அதில் 40 அல்லது 80 கம்பிகள் இருக்கும். தகவல் பல கம்பிகளில் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக ஓடும். வேகம் கூடக்கூட, எல்லாக் கம்பிகளிலும் தகவல் ஒரே கணத்தில் போய்ச் சேர்வது சிரமமாகிவிட்டது. அதற்குத் தீர்வாக 2003-ல் வந்ததுதான் 'சீரியல் ஏடிஏ', சுருக்கமாக சாட்டா. இதில் மொத்தம் ஏழே இணைப்பு முனைகள். அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி, மீதி மூன்றும் கிரவுண்ட். தகவல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும். ஆனால் அசுர வேகம். தொடங்கியபோது நொடிக்கு 1.5 கிகாபிட், இன்று 6 கிகாபிட்.

இதற்கு சர்வர்களில் ஒரு அண்ணன் உண்டு. பெயர் சாஸ். அந்த டிஸ்க்குகளுக்கு இரண்டு வாசல்கள். ஒரு வழி அறுந்தாலும் மறு வழியில் தகவல் போகும். சாஸ் இணைப்பில் சாட்டா டிஸ்க்கைச் செருகலாம். சாட்டா இணைப்பில் சாஸ் டிஸ்க்கைச் செருக முடியாது.

சந்தேகம் வந்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன செய்யும்?

சாட்டா கேபிளில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் சேர்ந்தே போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் கணக்கு இடித்தால், பொட்டலம் வழியில் கெட்டுவிட்டது என்று பொருள். அந்த வேலையை மறுபடி செய்யச் சொல்லி ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்கும். பிழை தொடர்ந்தால் இணைப்பையே ஒருமுறை துண்டித்துச் சேர்க்கும். அதற்கும் சரிவராவிட்டால் லினக்ஸ் வேகத்தை 6-லிருந்து 3, பிறகு 1.5 கிகாபிட் என்று குறைத்துப் பார்க்கும்.

நமக்கு எந்த அறிவிப்பும் வராது. கம்ப்யூட்டர் உறைகிறது, மெதுவாகிறது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். ஆனால் நடந்தது எல்லாம் உள்ளே பதிவாகியிருக்கும். விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதற்குள் 'சிஸ்டம்' பகுதிக்குப் போங்கள். 'டிஸ்க்' என்ற பெயரோடு 7 என்ற எண் இருந்தால், டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் இருக்கிறது என்று அர்த்தம். 153 என்றால், ஒரு வேலையை மறுபடி முயல வேண்டியிருந்தது. 129 என்றால், டிஸ்க் பதில் சொல்லாததால் இணைப்பு ரீசெட் செய்யப்பட்டது.

டிஸ்க் எழுதும் டைரி

ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு பக்கம் குறித்துவைக்க, டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு டைரி எழுதுகிறது. அதன் பெயர் 'ஸ்மார்ட்'. 1990-களிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. இதைப் படிக்க விண்டோஸில் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் உண்டு. லினக்ஸில் 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்'. மேக்கில் 'டிஸ்க் யூட்டிலிட்டி'யில் சுருக்கமான நிலவரம் தெரியும்.

பட்டியலில் நிறைய வரிகள் இருக்கும். வீட்டுக்கு நான்கு போதும்.

5: கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக, டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொண்ட மாற்று இடங்களின் எண்ணிக்கை.

197: படிக்க முடியாமல், என்ன செய்வதென்று முடிவாகாமல் நிற்கும் இடங்கள்.

198: சோதனை செய்தும் மீட்க முடியாத இடங்கள்.

199: கேபிள் வழியில் கெட்டுப்போன பொட்டலங்கள்.

எங்கள் டெஸ்க்டாப்பில் 5, 197, 198 மூன்றும் பூஜ்ஜியம். 199 மட்டும் ஆயிரக்கணக்கில். அதனால்தான் நண்பன் கேபிளைக் கை காட்டினான். கேபிளை மாற்றிய பிறகும் இந்த எண் குறையாது. அது கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. மேலும் கூடாமல் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இந்த எண்களை வழக்கமாக ஹெக்ஸாடெசிமல் முறையில் காட்டும். அதில் 10 என்றால் நம் கணக்கில் 16. செட்டிங்கில் டெசிமல் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, சில டிஸ்க்குகளில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும். அதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம்.

பீரோவுக்குள் இருந்த அதிர்ச்சி

கிளம்பும் நேரத்தில், "அந்த பீரோ டிஸ்க்கையும் பார்த்துடலாமே" என்றான் நண்பன். யூஎஸ்பியில் செருகினோம். சில வெளி டிஸ்க்குகளின் பெட்டி இந்த டைரியைக் காட்டவே விடாது. எங்களுடையது காட்டியது. மஞ்சள் நிறத்தில் 'எச்சரிக்கை'. 5, 197 இரண்டிலும் எண்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, இடம் போதவில்லை என்று சதாபிஷேக வீடியோவை டெஸ்க்டாப்பிலிருந்து அழித்தது நான்தான். 'அதுதான் சின்ன டிஸ்க்கில் இருக்கிறதே!' ஆக, காப்பி என்று நாங்கள் நம்பியதுதான் எங்களிடம் இருந்த ஒரே பிரதி.

"செக் டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "வேண்டவே வேண்டாம். சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு வேலை வைக்காதே. முதல்ல முக்கியமானதைக் காப்பி பண்ணு, மத்ததெல்லாம் அப்புறம்" என்றான். தாத்தாவின் வீடியோவை முதலில் எடுத்தோம். பிறகு மற்றவை. விடிய விடிய ஓடியது. இருபது முப்பது போட்டோக்கள் கடைசிவரை வரவே இல்லை.

பட்டியல் சுத்தமாக இருந்தால் நிம்மதியா?

இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து, 2007-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாள்களில் பழுதாகும் வாய்ப்பு, பிழை இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்றது அது. ஆனால் பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்ச் சேர்ந்தன.

அதாவது, அறிகுறி தெரிந்தால் நம்பி ஓடுங்கள். தெரியாவிட்டாலும் அசட்டையாக இருக்காதீர்கள். விண்டோஸ் தானாகச் சொல்லட்டும் என்றும் காத்திருக்க முடியாது. டிஸ்க்கே 'நான் எல்லையைத் தாண்டிவிட்டேன்' என்று அறிவித்தால்தான் பெரும்பாலும் அது வாய் திறக்கும். அந்த எல்லையை வைப்பது டிஸ்க்கைத் தயாரிக்கும் நிறுவனம். எங்கள் பீரோ டிஸ்க்குக்காக விண்டோஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியவை

* வீட்டில் உள்ள எல்லா டிஸ்க்குகளையும், பீரோவில் தூங்குவது உட்பட, ஒருமுறை செருகி அந்த நான்கு எண்களைப் பாருங்கள். தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

* 199 மட்டும் கூடினால், கேபிளைக் கழற்றிச் செருகுங்கள் அல்லது மாற்றுங்கள். 5, 197, 198 கூடினால் உடனே காப்பி எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

* 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். அணைத்துவிட்டு, தகவல் மீட்பவர்களிடம் கொடுங்கள்.

* முக்கியமானவை மூன்று இடங்களில் இருக்கட்டும். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே, அக்கா வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும்.

தாத்தாவின் வீடியோ முழுதாக வந்தது. ஓரிடத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்து சில நொடிகள் நிற்கும். அப்பா அந்த இடம் வரும்போது எதுவும் பேசாமல் காத்திருப்பார். பிறகு தாத்தா மறுபடி பேச ஆரம்பிப்பார். இப்போது அது மூன்று இடங்களில் இருக்கிறது. நோட்டில் எண்களை எழுதும் வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டுவிட்டார்.