ஊர்க் குளத்துக்கும் உங்க போர்வெல்லுக்கும் என்ன சம்பந்தம்?

'வீட்டுக்கு வீடு போர்வெல் இருக்கு... இனிமே குளம் எதுக்கு?' இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கலாம். காரைக்கால் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதுக்கான பதில் கொஞ்சம் உப்புக் கரிக்கும்.

அம்பகரத்தூரை எடுத்துக்கோங்க. பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் பேர்போன ஊர். இங்கே நின்னா கடல் தெரியாது. ஆனா, காரைக்கால் மாவட்டம் முழுக்கவே காவிரியின் கடைமடை. மேலே இருக்கிறவங்க எல்லாம் எடுத்தது போகத்தான் அரசலாறு, நாட்டாறு வழியா இங்கே தண்ணி வரும். 2018-ல உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி., புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஆறு காய்ஞ்சிட்டா நிலத்தடி நீர்தான் கதி.

அடியில் காத்திருக்கும் கடல்

கடலோரப் பகுதிகளில் நிலத்துக்கு அடியில நன்னீர் மேலே மிதக்கும். எடை அதிகமான கடல்நீர் கீழே இருக்கும். நெதர்லாந்தின் கைபென், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் ஆகியோர் 100 வருஷத்துக்கு முன்னாடியே இதுக்கு ஒரு கணக்கு சொல்லியிருக்காங்க. கடல் மட்டத்துக்கு மேல நன்னீர் 1 மீட்டர் நின்னா, அதுக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரைக்கும் நன்னீர் இருக்கும். மண் அடுக்கைப் பொறுத்து இது மாறலாம்.

இப்போ இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. மோட்டார் போட்டு உறிஞ்சி நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினா, கீழே இருக்கிற உப்புநீர் காலப்போக்குல 40 மீட்டர் வரைக்கும் மேலேறலாம். 'தண்ணி வரல, இன்னும் ஆழமா போடு'ன்னு போனா, நாமே உப்பைத் தேடிப் போற மாதிரிதான்!

குளம் என்ன செய்யுது?

மழைநீரையும் ஆற்று நீரையும் பிடிச்சு வெச்சு, மெதுவா நிலத்துக்குள்ள இறக்குது. அந்த நன்னீரோட எடைதான் உப்புநீரை மேலே வரவிடாம அழுத்திப் பிடிக்குது. அடியில வண்டல் மூடிட்டாலோ, வரத்து வாய்க்கால் அடைச்சுக்கிட்டாலோ இந்த வேலை நின்னுடும்.

2019-ல அப்போதைய கலெக்டர் விக்ராந்த் ராஜா முன்னெடுத்த 'நம் நீர்' திட்டத்தில், மூணே மாசத்துல காரைக்கால் மாவட்டத்தின் 178 நீர்நிலைகள் தூர்வாரப்பட்டன. அரசுத் துறைகள், கோயில்கள், நிறுவனங்கள், பொதுமக்கள்னு எல்லாரும் கைகோத்த வேலை அது. ஆனா, ஒருமுறை தூர்வாரினா போதாது. வெள்ளம் வர்றப்போ வண்டலும் கூடவே வரும்.

நீங்க என்ன செய்யலாம்?

* மழைக்காலத்துக்கு முன்னாடி உங்க ஊர்க் குளத்தோட வரத்து வாய்க்கால் எங்கே இருக்குன்னு போய்ப் பாருங்க. குப்பையோ ஆக்கிரமிப்போ இருந்தா, போட்டோவோட கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுங்க.

* டி.டி.எஸ். மீட்டர் வாங்கி மே மாசமும் டிசம்பர் மாசமும் போர்வெல் தண்ணியை அளந்து போன்ல குறிச்சு வைங்க. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேற வழியே இல்லைன்னா 2,000 வரை அனுமதி. வருஷா வருஷம் எண் ஏறிக்கிட்டே போனா, அதைக் கவனிக்கணும்.

உப்பு ஏறின நிலத்தடி நீர் திரும்ப நன்னீராக பல வருஷம் ஆகும். குளத்தைத் தூர்வார ஒரு கோடைக்காலம் போதும்.