அந்த ஒரு மீட்டர் எங்கே போனது?

எங்கள் வகுப்பில் லிஸ்ப் மொழிக்கு நல்ல பெயர் இல்லை. முதல் வாரமே எல்லாரும் கேட்ட கேள்வி, "இதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?" என்பதுதான். நானும் கேட்டேன். 1958இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய மொழி இது. என் தாத்தாவைவிடச் சில வயதே இளையது. பைத்தனும் ஜாவாவும் இருக்கும்போது இது எதற்கு?

பதில் டெங்கிலில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்தது. என் பெரியப்பா மகன் ஓர் அலுவலகத்தில் ஆட்டோகேட் மென்பொருளில் வீடமைப்புத் திட்டங்களுக்குப் பிளான் வரைகிறார். ஒரு சனிக்கிழமை இரவு மடிக்கணினியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு லோட்டாகச் சொடுக்கி எண் போட்டுக்கொண்டிருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட லோட்டுகள்.

"இதுக்கு ஒரு லிஸ்ப் இருந்துச்சு. யாரோ அதுல கை வெச்சாங்க, அப்புறம் ஓடல. திறந்து பார்க்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியல" என்றார்.

லிஸ்ப்பா? ஆமாம். ஆட்டோகேட்டுக்குள் 1986 முதல் 'ஆட்டோலிஸ்ப்' என்ற பெயரில் அது இருந்து வருகிறது. கோப்பைத் திறந்தேன். வகுப்பில் நாங்கள் கேலி செய்த அதே அடைப்புக்குறிகள்!

புதிதாகப் படிப்பவர்கள் முதலில் மிரள்வது இவற்றைப் பார்த்துத்தான். லிஸ்ப்பில் இரண்டையும் மூன்றையும் கூட்ட (+ 2 3) என்று எழுத வேண்டும். வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய தமிழ் நாக்குக்கு, செய்ய வேண்டியதை முதலில் சொல்வது விநோதமாக இருக்கும். ஆனால் எத்தனை எண்களைக் கூட்டினாலும் ஒரே ஒரு கூட்டல் குறி போதும்: (+ 2 3 5 7). பெருக்கல் முதலா, கூட்டல் முதலா என்று மனப்பாடம் செய்யவும் வேண்டாம். உள்ளே இருக்கும் அடைப்புக்குறி முதலில் கணக்கிடப்படும், அவ்வளவுதான். குறிகளைக் கண்ணால் எண்ணாதீர்கள். ஜோடியைக் காட்டும் எடிட்டரில் எழுதுங்கள். கட்டளை வரியிலேயே தட்டி, மூடும் குறியை விட்டுவிட்டால் ஆட்டோகேட் (_> என்று காட்டிக் காத்திருக்கும். கணினி நின்றுவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அண்ணனின் கோப்பிலும் இல்லாமல் போனது ஒரே ஒரு மூடும் குறிதான்.

அது ஓடியதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. சாலையின் நடுக்கோட்டைத் தொட்டு அகலத்தைச் சொன்னால் இருபக்க ஓரமும் தானாக வரைய வேண்டும், இடையில் சாலைப் பெயரும் வர வேண்டும் என்றார். எழுதினேன். பெயர் வைக்க வேண்டிய புள்ளியை '(அ ஆ) என்று கொடுத்தேன். (நிரலில் ரோமன் எழுத்துதான், இங்கே புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.) அது புள்ளியே இல்லை என்றது ஆட்டோகேட்.

முன்னால் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோள் குறிதான் லிஸ்ப் படிப்பவர்களை அதிகம் குழப்புவது. ஆசிரியர் ஒரு பெயரைக் கூப்பிட்டால் மாணவர் எழுந்து வருவார். பெயரைப் பலகையில் எழுதினால் அது வெறும் பெயராகவே இருக்கும். மேற்கோள் குறி பலகையில் எழுதுவதைப் போன்றது: 'கணக்கிடாதே, அப்படியே வை.' எனவே எனக்குக் கிடைத்தவை இரண்டு பெயர்கள், எண்கள் அல்ல. (லிஸ்ட் அ ஆ) என்று மாற்றியதும் சரியானது. '(0 0) மட்டும் எப்போதும் ஒழுங்காக வேலை செய்யும், ஏனென்றால் எண்ணின் மதிப்பு அந்த எண்ணேதான். அதனால்தான் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை.

இப்படி ஒரு குறி எதற்கு? லிஸ்ப்பில் தகவலும் பட்டியல், நிரலும் பட்டியல். எதை ஓட்ட வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட கட்டுரையின் அழகே இதுதான். லிஸ்ப் நிரலை மதிப்பிடும் விதியை அவர் லிஸ்ப்பிலேயே எழுதிக் காட்டினார். காகிதத்தில் இருந்த அந்த விதியை ஐ.பி.எம். 704 கணினியில் ஓடவைத்தவர் ஸ்டீவ் ரஸ்ஸல்.

இனி என் தவறுக்கு வருகிறேன். 12 மீட்டர் சாலை சரியாக வந்தது. 20 மீட்டரும் சரி. நிம்மதியாகத் தூங்கினேன். திங்கட்கிழமை மதியம் அண்ணனிடமிருந்து அழைப்பு.

"உன் ரோட்டுல ஒரு மீட்டரைக் காணோம்மா."

15 மீட்டர் சாலை 14 மீட்டராக வரையப்பட்டிருந்தது. பிளானை அச்சிடும் முன் அவர் அளந்து பார்த்ததால் தப்பித்தோம். அகலத்தை முழு எண்ணாக வாங்கி இரண்டால் வகுத்திருந்தேன். ஆட்டோலிஸ்ப்பில் (/ 15 2) என்றால் 7. இரண்டும் முழு எண்களாக இருந்தால் மீதியைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். பக்கத்துக்கு அரை மீட்டராக மொத்தம் ஒரு மீட்டர் போய்விட்டது. 12, 20 இரண்டும் இரட்டைப்படை எண்கள் என்பதால் சோதனையில் தெரியவில்லை. (/ 15 2.0) என்று ஒரு புள்ளி வைத்தால் 7.5.

வகுப்பில் நாங்கள் படிப்பது ஸ்கீம். அதுவும் லிஸ்ப் குடும்பம்தான். ஆனால் அங்கே இதே வகுத்தலுக்கு விடை 15/2 என்ற பின்னம், காமன் லிஸ்ப்பிலும் அப்படியே. எதுவும் தொலைவதில்லை. அந்தப் பழக்கத்தில் இங்கே ஏமாந்தேன். லிஸ்ப் என்று தேடிக் கிடைக்கும் விடை எந்த லிஸ்ப்புக்கானது என்று முதலில் பாருங்கள்.

"இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று அம்மா கேட்டார். லிஸ்ப்புக்கென்றே ஆள் தேடும் விளம்பரம் அரிது என்பதை ஒப்புக்கொண்டேன். ஆனால் பிளான் வரையும் அலுவலகங்களில் இதற்குத் தேவை இருக்கிறது. விலை குறைந்த ஆட்டோகேட் எல்.டி.யிலும் 2024 பதிப்பிலிருந்து ஆட்டோலிஸ்ப் ஓடுகிறது.

போன வாரம் அண்ணனே நான்கு வரி எழுதிக் கொண்டுவந்தார். 90 என்று கொடுத்த கோணத்தில் கோடு எங்கோ சாய்ந்து கிடந்தது. ஆட்டோலிஸ்ப் கோணத்தை ரேடியனில் கேட்கும் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அப்புறம். எத்தனை பிராக்கெட் போடணும், அதைச் சொல்லு" என்றார்.