தலை மேலேயா, கீழேயா?

கற்பிட்டித் தீவுகளில் கர்ப்பிணிக்கு வலி கண்டால் முதலில் படகு, பிறகுதான் வாகனம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல கொட்டில் போட்டுத் தங்கியதும் இந்தப் புத்தளம் கரையோரத்தில்தான். இப்படியான இடங்களில், வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடப்பது வலி தொடங்கிய பிறகு தெரியவந்தால் காலம் கடந்துவிடும்.

முன்கூட்டியே அதைக் கண்டுபிடிப்பவை மருத்துவ மாதின் கைகள். சிறுநீர் கழித்துவிட்டு, முழங்காலை மடித்துப் படுக்கச் சொல்வார். முதலில் கருப்பையின் உச்சி: உருண்டு கடினமாக, தட்டினால் அசைந்தால் தலை, மெத்தென்று அகன்றிருந்தால் பிட்டம். பிறகு இரு பக்கமும். நீளமாக, உறுதியாகத் தட்டுப்படுவது முதுகு. இதயத்துடிப்பைக் கேட்கும் குழலை அந்தப் பக்கம்தான் வைப்பார். கடைசியில் அடிவயிறு: தலை இடுப்பெலும்புக்குள் இறங்கிவிட்டதா? ஜேர்மனிய மருத்துவர் லியோபோல்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒழுங்குபடுத்திய முறை இது. மின்சாரம்கூடத் தேவையில்லை.

28 வாரத்தில் தலை மேலே இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் தானே திரும்பும். 36 வாரத்திலும் திரும்பாவிட்டால் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்த வேண்டும். குறுக்கே கிடந்தால் பன்னீர்க்குடம் உடையும்போது தொப்புள்கொடி வெளியே நழுவலாம். வலி நீடித்தால் கருப்பையே கிழியலாம். அப்படிப்பட்ட தாய் வலிக்குக் காத்திராமல் சத்திரசிகிச்சைக் கூடமுள்ள வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். 36ஆவது வாரக் கிளினிக்கில், “தலை எங்கே இருக்கு மிஸ்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.